கமலாதேவி தோற்ற தேர்தலும் என் ஓட்டும்

மலருக்கு ஒரு தலைவியின் வாழ்க்கையை எழுதித் தரச் சொன்னாங்க. நான் கமலாதேவி சட்டோபாத்யாயாவை எடுத்துக்கிட்டேன். ஏன் என்று கடைசியில் சொல்றேன்.

அவர் 1903-இல் மங்களூரில் பிறந்தவர். அப்போது அந்த ஊர் சென்னை மாகாணத்தில் இருந்தது. ஏழு வயதில் அப்பா இறந்துட்டார். உயில் இல்லை. சொத்து மூத்த தாரத்து மகனுக்குப் போச்சு. பொம்பளைப் பிள்ளைக்குப் பங்கு கிடையாது. அம்மா கிரிஜாபாய்தான் வளர்த்தார். சின்ன வயதிலேயே கல்யாணம், கொஞ்ச காலத்திலேயே கணவரும் இறந்துட்டார். அதோடு முடங்கிப் போகல. சென்னை ராணி மேரி கல்லூரியில் படித்தார். கவிஞர் ஹரீந்திரநாத்தை மறுமணம் செய்துகொண்டார்.

சென்னை மாகாணத்தில் பெண்களுக்கு ஓட்டு 1921-இல் கிடைத்தது. ஆனா சொத்து இருக்கணும், வரி கட்டணும். சொத்தில் பங்கே இல்லாத பொம்பளைக்கு ஓட்டு ஏது? அதனால் பட்டியலில் பெண்கள் கொஞ்சம் பேர்தான். தேர்தலில் நிற்கும் உரிமை 1926-இல் வந்தது. மார்கரெட் கசின்ஸ் அம்மையார் ஊக்கம் கொடுக்க, 23 வயதில் கமலாதேவி சட்டமன்றத்துக்கு நின்றார். நம் நாட்டில் அப்படி நின்ற முதல் பெண்களில் ஒருவர். பிரச்சாரத்துக்குக் கிடைத்த நாளும் குறைவு. மிகச் சொற்ப வித்தியாசத்தில் தோற்றார்.

தோற்ற பிறகு வீட்டில் உட்காரல. 1927-இல் தொடங்கிய அகில இந்திய மாதர் மாநாட்டுக்கு முதல் அமைப்புச் செயலாளர் ஆனார். 1930 உப்புச் சத்தியாகிரகத்தில் பம்பாயில் உப்பு விற்றுச் சிறை போனார். விடுதலைக்குப் பின் அகதிகளுக்காகக் கூட்டுறவு அமைத்தார். 1952-இல் கைவினைப் பொருள் வாரியத் தலைவர் ஆனார். நாம கண்காட்சியில் கூடையும் பாயும் கடை போடுறோமே, அந்த வழியைப் போட்டவர்களில் அவர் முக்கியமானவர். 1988-இல் காலமானார்.

இப்போ காரணத்தைச் சொல்றேன். 2019 ஊராட்சித் தேர்தலில், எங்க வார்டில் எங்க குழு ஊக்குநர் அக்கா நின்னாங்க. கணவரை இழந்தவங்க. என் மகனோட காலேஜ் ஃபீஸுக்கு லோன் வாங்க, பேங்குக்கு மூணு தடவை என்கூட அலைஞ்சவங்க. அவங்களுக்கு நான் ஓட்டுப் போடல. ஆம்பளைத் துணை இல்லாதவ, ராத்திரியில ஒரு பிரச்சினைன்னா யாரோட போய் நிப்பான்னு வீட்டில் கேட்டாங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன். ஒன்பது ஓட்டில் தோத்தாங்க. எங்க குழுவில் மட்டும் பதினாலு பேர். யார் போட்டாங்க, யார் போடலன்னு இன்னைக்கு வரைக்கும் யாரும் பேசினதில்லை. அடுத்த வாரக் கூட்டத்தில் அக்கா எப்பவும் போல தீர்மான நோட்டை எடுத்து எழுதினாங்க. எனக்குத்தான் தலை நிமிரல.

எதிரில் நின்ன ஆம்பளைகிட்ட உங்க பொண்டாட்டி எங்கேன்னு நான் கேக்கல. அக்காகிட்ட மட்டும் புருஷன் எங்கேன்னு மனசு கேட்டுச்சு.

கமலாதேவிக்குப் போட நினைச்சிருந்தாலும் அன்னைக்கு நிறையப் பொம்பளைங்களுக்கு ஓட்டு இல்லை. எனக்கு இருந்துச்சு. பொம்பளைங்கிறதுக்காகவே போடணும்னு நான் சொல்லல. தண்ணி வருமா, தெருவிளக்கு எரியுமா, கணக்கு சுத்தமா இருக்குமான்னு ரெண்டு பேரையும் ஒரே மாதிரி கேப்போம்.

அக்கா, இதை நீங்க படிக்கும்போது யார் எழுதினதுன்னு தெரிஞ்சிடும். நேரில் சொல்ல தைரியம் வரல. மன்னிச்சிடுங்க. அடுத்த தடவை நில்லுங்க, வீடு வீடா நானும் வர்றேன்.