தாய்மாரின் உயிர் காத்த லூசி வில்ஸ்

பாகான் டாலாமில் ஒரு பெண் கருவுற்றுத் தாய்சேய் நலக் கிளினிக்கிற்குச் சென்றால், இரத்தத்தைச் சோதித்துவிட்டு போலிக் அமில மாத்திரையும் கொடுப்பார்கள். அச்சிறு மாத்திரைக்குப் பின்னே ஒரு பெண்மணியின் உழைப்பு உண்டு. அவர்தாம் மருத்துவர் லூசி வில்ஸ்.

1888 மே 10ஆம் நாள் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகருக்கு அருகே பிறந்த லூசி, கேம்பிரிட்ஜில் தாவரவியலும் நிலவியலும் பயின்றார். இளவயதிலேயே தந்தையையும் சகோதரியையும் அடுத்தடுத்து இழந்தார். 1914இல் தென்னாப்பிரிக்காவில் இருந்தபோது போர் மூண்டது. அங்கே தாதியாகத் தொண்டாற்றினார். பின்னர் இலண்டனில் மருத்துவம் படித்து, 1920இல் மருத்துவரானார்.

1928இல் ஆய்வுக்காகப் பம்பாய் வந்தார். அங்கே கருவுற்ற ஏழைப் பெண்கள் பலர் கடும் இரத்தசோகையால் மாண்டுகொண்டிருந்தனர். அவர்களின் இரத்தத்தில் சிவப்பணுக்கள் எண்ணிக்கையில் குறைந்தும் அளவில் பெருத்தும் காணப்பட்டன. காரணம் கிருமியா என்று தேடினார், கிடைக்கவில்லை. அடுத்து, அப்பெண்கள் உண்ணும் உணவை ஆராய்ந்தார். காய்கறியும் பழமும் மிகக் குறைவு என்று கண்டார்.

நீலகிரியின் குன்னூரில் உள்ள பாஸ்டர் நிலையத்தில் எலிகளுக்கும், பின்னர் குரங்குகளுக்கும் அதே வகை உணவைக் கொடுத்துச் சோதித்தார். சோகை கண்ட குரங்கு, ஈஸ்டிலிருந்து செய்யப்படும் மார்மைட்டை உண்டதும் தேறியது. தாய்மார்களுக்கும் அதையே கொடுத்தார், அவர்களும் பிழைத்தனர். நம் வீடுகளில் கஞ்சியில் கலக்கும் அதே மார்மைட்தான்! கல்லீரல் சாறும் இந்நோயைத் தீர்த்தது. ஆனால் அதன் விலை அதிகம். மார்மைட்டோ ஏழைக்கும் எட்டியது. 1931இல் இம்முடிவுகளை வெளியிட்டார். அவ்வாண்டு சென்னை கோஷா மருத்துவமனையிலும் பணிபுரிந்தார்.

நோயைத் தீர்க்கும் பொருள் எதுவென்று அப்போது தெரியாததால், அது 'வில்ஸ் காரணி' எனப்பட்டது. 1941இல் அமெரிக்க அறிஞர்கள் பசலைக் கீரையிலிருந்து போலிக் அமிலத்தைப் பிரித்தெடுத்தனர். வில்ஸ் தேடியது அதுவே. புதிய இரத்த அணுக்கள் பிரிந்து பெருக அது தேவை. அது குறைந்தால் அணுக்கள் பிரியாமல் பெருத்துவிடும்.

லூசி வில்ஸ் 1964இல் மறைந்தார். கருவுறும் முன்பிருந்தே இம்மாத்திரையை உண்டால் குழந்தையின் முதுகுத்தண்டுக் குறைபாடுகள் பெருமளவு குறையும் என்று 1991இல் நிறுவப்பட்டது. அதைக் காண அவர் இல்லை. இன்று உலகச் சுகாதார நிறுவனம் நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் பரிந்துரைக்கிறது.

மாணவ நண்பர்களே, பலர் விதியென்று விட்டுவிட்ட சாவுக்கு அவர் உணவுத் தட்டில் விடை கண்டார். நம் அக்கா தங்கையரிடம் இச்செய்தியைச் சொல்வோம். கருவுறும் முன்பே சொல்வோம்.