பாகவதர் கிராப்பும் அப்பாவின் போட்டோவும்



நம் வேப்பூர் கூட்டு ரோட்டில் பஸ்ஸுக்காக நின்றிருப்பீர்கள். தெற்கே போகிற பஸ் திருச்சிக்கு, வடக்கே போகிற பஸ் சென்னைக்கு. இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவே வாழ்ந்து முடித்த ஒருவரைப் பற்றித்தான் இந்தக் காலாண்டுக்கு எழுத வந்திருக்கிறேன். எம்.கே. தியாகராஜ பாகவதர். நம்மில் அறுபதைத் தாண்டியவர்களுக்கு அந்தப் பெயரே போதும். இளையவர்கள் உங்கள் தாத்தாவின் கல்யாண போட்டோவைப் பாருங்கள். தலைமுடி பின்கழுத்தில் புரண்டிருந்தால், அதற்குக் காரணம் இவர்தான்.

எனக்கு இந்த நினைப்பு வந்ததும் ஒரு போட்டோவால்தான். இந்த ஃபிளாட்டுக்குக் குடிவந்தபோது பழைய தகரப் பெட்டியைக் காலி செய்தேன். அடியில் அப்பாவின் போட்டோ ஒன்று கிடைத்தது. கல்யாணத்துக்கு முன் எடுத்தது. ஜிப்பா, தோளில் அங்கவஸ்திரம், பின்னால் வழித்துச் சீவிக் கழுத்தில் விழும் முடி. பக்கத்தில் அதே மாதிரி ஜிப்பாவும் அதே மாதிரி முடியுமாக இன்னொருவர். பின்னால் ஒரு தூண், ஒரு தோட்டம், எல்லாம் திரையில் வரைந்தவை. அந்த இன்னொருவர் யார் என்று எனக்குத் தெரியவில்லை. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் பாகவதர்.

அவர் 1910 மார்ச் 1-ம் தேதி மாயவரத்தில் பிறந்தார். இன்றைய மயிலாடுதுறை. பொற்கொல்லர் குடும்பம். சின்ன வயதிலேயே குடும்பம் திருச்சிக்குக் குடியேறியது. பையனுக்குப் படிப்பு ஏறவில்லை, பாட்டு ஏறியது. அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. பையன் வீட்டை விட்டு ஓடிப்போனான் என்றும், கடப்பாவில் கூட்டத்துக்கு நடுவே பாடிக்கொண்டிருந்தவனை அப்பா கண்டுபிடித்து அழைத்து வந்தார் என்றும் சொல்வார்கள். அதற்குப் பிறகு அப்பா தடுக்கவில்லை.

திருச்சியில் எஃப்.ஜி. நடேச அய்யர் என்று ஒருவர் இருந்தார். ரயில்வேயில் அதிகாரி, நாடகப் பிரியர், ரசிக ரஞ்சன சபாவை நடத்தியவர். அரிச்சந்திரா நாடகத்தில் லோகிதாசன் வேடத்துக்கு இந்தப் பையனைப் போட்டார். அப்போது அவனுக்கு வயது பத்து. நடிப்பு அங்கே வந்தது. சங்கீதம் மதுரை பொன்னு அய்யங்கார் என்ற வயலின் வித்வானிடம் வந்தது. ஆறு வருடம் கற்றுக்கொண்டார். கச்சேரி அரங்கேற்றத்தில் கஞ்சிரா வாசித்த புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளைதான் அவருக்குப் பாகவதர் பட்டத்தைச் சூட்டினார் என்பது சங்கீத உலகம் சொல்லும் கதை.

அந்தக் காலத்து நாடக மேடையை நீங்கள் மனதில் கொண்டுவர வேண்டும். மைக் கிடையாது. கொட்டகையின் கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் பாட்டு கேட்க வேண்டும். உச்ச ஸ்தாயியில் கணீரென்று பாடுகிறவன்தான் ராஜபார்ட். எஸ்.ஜி. கிட்டப்பா அப்படிப் பாடிப் பெயர் வாங்கியவர். அவர் 1933 டிசம்பரில் 27 வயதில் காலமானார். அடுத்த வருடம், 1934-ல், பாகவதரின் முதல் படம் பவளக்கொடி வந்தது. நாடகமாக அவர் நடித்துப் புகழ் பெற்ற கதைதான் அது. கே. சுப்பிரமணியம் இயக்கம், எஸ்.டி. சுப்புலட்சுமி கதாநாயகி. வெயில் வெளிச்சத்தில் படம் பிடித்த காலம். படத்தில் ஏறக்குறைய ஐம்பது பாட்டு. பின்னணி பாடுகிற பழக்கம் இன்னும் வரவில்லை. நடிக்கும்போதே பாட வேண்டும்.

இப்போது அவருடைய அலங்காரத்துக்கு வருகிறேன். அன்று ஆண்களுக்குத் தலையில் இரண்டே வழி. ஊர்க்காரர் என்றால் குடுமி. இங்கிலீஷ் படித்து உத்தியோகம் பார்ப்பவர் என்றால் ஒட்ட வெட்டிய கிராப்பு. குடுமி வைத்தால் பழசு, கிராப்பு வெட்டினால் பெரியவர்களுக்குக் கோபம். பாகவதரின் தலை இரண்டுக்கும் நடுவில் நின்றது. முடியை எடுக்கவும் இல்லை, முடியவும் இல்லை. எண்ணெய் தடவிப் பின்னால் சீவி, கழுத்து வரை விட்டார். நாடகக்காரர்கள் முடி வளர்ப்பது பழைய வழக்கம்தான். அதை வீதியில் நடக்கிற இளைஞனும் வைத்துக்கொள்ளலாம் என்று காட்டியவர் இவர். பாகவதர் கிராப்பு என்று அதற்குப் பேரே வந்துவிட்டது.

மற்றதும் அப்படித்தான். பட்டு ஜிப்பா, சரிகை அங்கவஸ்திரம், காதில் வைரக் கடுக்கன், விரல்களில் மோதிரம், நெற்றியில் பொட்டு. பழைய போட்டோக்களை வைத்துப் பார்த்தால் இதில் ஒரு கணக்கு இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறத்துக்கு வேலை இல்லை, மினுக்கத்துக்குத்தான் வேலை. பட்டு வெளிச்சத்தை வாங்கும். கடுக்கன் ஒரு புள்ளியாக மின்னும். கறுத்த முடி முகத்தைச் சுற்றி ஒரு சட்டம் மாதிரி நிற்கும். சினிமாக் கொட்டகையில் விற்ற பாட்டுப் புஸ்தகத்தின் மட்டமான தாளில் அச்சடித்தாலும் ஆள் இன்னார் என்று தெரிந்துவிடும். கிராமபோன் வாங்க வசதி இல்லாத வீட்டிலும் அந்த முகம் சுவரில் தொங்கியது.

1937-ல் சிந்தாமணி வந்தது. ஒரு வருடத்துக்கும் மேல் ஓடியது. அதை எடுத்த மதுரை ராயல் டாக்கீஸார் அந்த லாபத்தில் மதுரையில் சிந்தாமணி என்ற பெயரிலேயே ஒரு தியேட்டர் கட்டினார்கள். அதே வருடம் எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர் இயக்கிய அம்பிகாபதி. பிறகு திருநீலகண்டர், அசோக்குமார், சிவகவி. பாட்டுகளில் பாபநாசம் சிவனின் பங்கு பெரியது. கர்நாடக ராகங்கள் சபாவை விட்டு இறங்கி, ஏர் ஓட்டுகிறவர் வாயிலும் சூளைக்கு விறகு சுமக்கிறவர் வாயிலும் வந்தது இந்த இருவரால் என்று சொன்னால் மிகை இல்லை.

1944 தீபாவளிக்கு ஹரிதாஸ் வெளியானது. சென்னை பிராட்வே தியேட்டரில் அந்த ஒரே படம் 1944, 1945, 1946 என்று மூன்று தீபாவளிகளைக் கண்டது. இதைப் பெருமையாக எல்லோரும் சொல்வோம். ஆனால் அந்த மூன்று தீபாவளிகளில் இரண்டில் அவர் எங்கே இருந்தார் தெரியுமா? சிறையில்.

1944 நவம்பரில் லட்சுமிகாந்தன் என்ற பத்திரிகைக்காரர் சென்னை வேப்பேரியில் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். சினிமாக்காரர்களின் சொந்த விஷயங்களை எழுதி விற்ற பத்திரிகை அவருடையது. டிசம்பர் கடைசியில் பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் கைதானார்கள். 1945 மே மாதம் இருவருக்கும் ஆயுள் தண்டனை. மேல்முறையீடு தள்ளுபடி. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், திரும்பவும் சென்னை ஐகோர்ட்டுக்கு வந்து, 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலை ஆனார்கள். அதற்குள் இரண்டு வருடத்துக்கு மேல் போய்விட்டது.

நினைத்துப் பாருங்கள். பிராட்வே வாசலில் பட்டு ஜிப்பாவும் சீவிய முடியுமாக அவர் படம். உள்ளே திரையில் அவர் குரல். டிக்கெட்டுக்குச் சனம் வரிசை நிற்கிறது. அந்தப் படத்துக்குச் சொந்தக்காரர் கம்பிக்குப் பின்னால்.

நான் 36 வருடம் பேங்கில் பேரேடு பார்த்தவன். கணக்குப் போட்டுத்தான் எனக்குப் புரியும். பாகவதர் மொத்தம் நடித்தது 14 படம். சிறைக்கு முன் 9, சிறைக்குப் பின் 5. முந்தைய ஒன்பதைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். அந்த ஐந்தை யாரும் சொல்வதில்லை. ராஜமுக்தி 1948, அமரகவியும் சியாமளாவும் 1952, அவரே இயக்கிய புதுவாழ்வு 1957, அவர் இறந்த பிறகு வெளிவந்த சிவகாமி 1960. எதுவும் பழைய மாதிரி ஓடவில்லை.

கோர்ட்டு விடுதலை கொடுத்தது. காலம் கொடுக்கவில்லை. அவர் உள்ளே இருந்தபோது சினிமா மாறிவிட்டது. பின்னணிப் பாடகர் வந்துவிட்டதால் நடிகனுக்குப் பாடத் தெரிய வேண்டிய அவசியம் போனது. ஐம்பது பாட்டு இருந்த இடத்தில் பத்துப் பாட்டு. வசனம் முன்னால் வந்தது. 1949-ல் வேலைக்காரி, 1952-ல் பராசக்தி. அமரகவி வந்த அதே வருடம்தான் பராசக்தியும். இளைஞர்கள் சட்டைக்கு மாறினார்கள், முடியை வெட்டினார்கள். அசோக்குமாரிலும் ராஜமுக்தியிலும் அவரோடு சின்ன வேடங்களில் வந்த எம்.ஜி.ஆர். பெரிய நட்சத்திரமாகிக்கொண்டிருந்தார்.

பாகவதர் மாறவில்லை. இதைத்தான் நான் உங்களுக்குச் சொல்ல நினைத்தேன். அவர் முடியையும் வெட்டவில்லை, பாட்டையும் விடவில்லை. கோயில்களிலும் கச்சேரிகளிலும் பாடினார். அந்த ஜிப்பாவும் அங்கவஸ்திரமும் பணத்தையும் புகழையும் காட்டத்தான் என்றால், இரண்டும் போனபோது அவையும் போயிருக்க வேண்டும். போகவில்லை. முன்னால் உட்கார்ந்திருப்பது பத்தாயிரம் பேரோ பத்துப் பேரோ, பாட வருகிறவன் குளித்து, உடுத்தி, பொட்டு வைத்துத்தான் வர வேண்டும். கேட்கிறவனுக்குக் கொடுக்கும் மரியாதை அது. அப்படித்தான் எனக்குப் படுகிறது.

சர்க்கரை வியாதியும் ரத்தக் கொதிப்பும் அவரைச் சாய்த்தன. 1959 நவம்பர் 1-ம் தேதி சென்னை பொது மருத்துவமனையில் காலமானார். 49 வயது. உடல் திருச்சிக்குப் போனது. சங்கிலியாண்டபுரத்தில் அவர் சமாதி இருக்கிறது.

இப்போது அப்பாவுக்கு வருகிறேன். அவர் விருத்தாசலத்தில் பீங்கான் சூளையில் வேலை பார்த்தவர். சூளை வாயில் அனலில் முடி பொசுங்கிவிடும் என்று துண்டைத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொள்வார். வெட்டிவிட்டால் தொல்லை இல்லை என்று அம்மா சொல்லிச் சொல்லி ஓய்ந்தார். சாயங்காலம் வீடு வந்து, குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, கண்ணாடி முன் நின்று முடியைப் பின்னால் சீவுவார். அப்போது ஏதாவது பாட்டு மெதுவாக வரும். நான் பி.காம். படிக்கிற காலம். பெல்பாட்டம், காதை மூடிய முடி, நீளமான கிருதா. என் சிநேகிதர்கள் எதிரில் அவருடைய முடியைக் கிண்டல் செய்திருக்கிறேன். அவர் சீப்பை ஆணியில் மாட்டிவிட்டு வெளியே போய்விட்டார். என் கிருதாவைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்த பெல்பாட்டம் மூன்று வருடத்தில் தரை துடைக்கப் போனது. அவர் முடி கடைசி வரை இருந்தது. வெளுத்திருந்தது, அவ்வளவுதான்.

போட்டோவில் பக்கத்தில் நிற்பவர் யார் என்று நான் கேட்டதே இல்லை. பெட்டி வீட்டில்தான் இருந்தது, அப்பாவும் இருந்தார். இன்று கேட்க அம்மா இல்லை, அத்தை இல்லை. போட்டோவின் முதுகைத் திருப்பிப் பார்த்தேன். வெறும் மஞ்சள் பூத்த தாள். ஒருவேளை இருவரும் ஒன்றாக ஹரிதாஸ் பார்த்த சிநேகிதர்களோ என்னவோ.

அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுப் பழைய போட்டோக்களை எடுங்கள். வீட்டில் பெரியவர் இருந்தால் பக்கத்தில் உட்காரவைத்து, இது யார், எந்த ஊர், எந்த வருடம் என்று கேளுங்கள். சொன்னதைப் போட்டோவின் பின்பக்கம் ஓரத்தில் பென்சிலால் மெல்ல எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனா வேண்டாம், முன்பக்கம் பதிந்துவிடும். லேமினேஷன் செய்யாதீர்கள், பிறகு பிரிக்க முடியாது. கண்ணாடியில் நேராக ஒட்டும்படி சட்டம் போடாதீர்கள், ஈரத்தில் படம் கண்ணாடியோடு வந்துவிடும். நடுவில் கனத்த அட்டை ஓரம் வைக்கச் சொல்லுங்கள். செல்போனில் ஒரு படம் எடுத்துப் பிள்ளைகளுக்கும் அனுப்பிவிடுங்கள், பெயரோடு.

எழுதும்போது பின்னணியில் பாகவதர் பாடட்டும். செல்போனில் தேடினால் கிடைக்கிறார். தாத்தாவோ பாட்டியோ கூடவே முணுமுணுத்தால் தடுக்காதீர்கள். அந்தப் பாட்டுக்கு நடுவேதான் பெயர்கள் ஞாபகம் வரும்.

விருத்தாசலம் பக்கத்துக்காரர்கள் யாராவது என் வீட்டுக்கு வந்து அந்தப் போட்டோவைப் பார்த்தால் நல்லது. அப்பா பக்கத்தில் நிற்பவர் உங்கள் தாத்தாவாகவும் இருக்கலாம்.