சக்கர நாற்காலியில் வந்த டாக்டர்

கரியாஹாட் வட்டாரத்தில் குடியிருக்கும் நம் மாணவர்களுக்கு ஓர் அனுபவம் பொதுவானது. நாம் தமிழர் என்று தெரிந்ததும், கடைக்காரரும் சரி, வீட்டுக்காரரும் சரி, சென்னையை விட்டுவிட்டு வேலூரைப் பற்றித்தான் கேட்பார்கள். ஹௌராவில் ரயிலேறிக் காட்பாடியில் இறங்கி, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்துக்கொண்டு திரும்பிய உறவினர் ஒருவராவது இல்லாத வங்காளிக் குடும்பத்தை நான் இன்னும் இங்கே சந்திக்கவில்லை. அந்த ஆஸ்பத்திரியைத் தோற்றுவித்த ஐடா ஸ்கடர் அம்மையாரின் பெயரும் பலருக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் அங்கேயே படித்து, நடக்கும் சக்தியை இழந்து, அதற்குப் பிறகும் அங்கேயே டாக்டராக உத்தியோகம் பார்த்த மேரி வர்கீஸ் அம்மையாரைப் பற்றி நம் அன்பர்களில் சிலரே கேள்விப்பட்டிருப்பார்கள். அதனால்தான் எழுத முற்பட்டேன்.

1925-ஆம் ஆண்டு கொச்சிப் பகுதியிலுள்ள செராயி என்னும் ஊரில், வசதியுள்ள குடும்பத்தில் பிறந்தவர் மேரி. எறணாகுளம் மகாராஜா கல்லூரியில் படித்துவிட்டு, மருத்துவம் கற்க வேலூருக்கு வந்தார். பெண்களுக்கான மருத்துவத்தில் தேர்ச்சி பெறவேண்டும் என்பது அவர் ஆசை. பட்டமும் பெற்றார், வேலையும் கிடைத்தது. 1954-இல் சக டாக்டர்களுடன் உல்லாசப் பயணம் போனபோது வண்டி கவிழ்ந்தது. முகத்தில் பெருங்காயம். முதுகெலும்பு சேதமுற்று இடுப்புக்குக் கீழே உணர்ச்சியே இல்லாமற் போயிற்று. வயது இருபத்தெட்டு.

மாதக்கணக்கில் படுக்கை, ஒன்றன்பின் ஒன்றாக அறுவைச் சிகிச்சைகள். நின்றுகொண்டு பிரசவம் பார்க்க இனி முடியாது என்பது தெளிவு. வேறொரு ஸ்தாபனமாக இருந்திருந்தால், அனுதாபக் கடிதம் ஒன்றைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பியிருக்கும். வேலூரில் அப்போது டாக்டர் பால் பிராண்ட் என்ற ஆங்கிலேய அறுவை நிபுணர் இருந்தார். தொழுநோயால் நரம்பு கெட்டு, கழுகின் நகம்போல மடங்கிப்போன விரல்களை நிமிர்த்துவதற்கு, முன்கையில் நல்ல நிலையிலுள்ள தசைநார் ஒன்றை எடுத்து விரலுக்குத் திருப்பிவிடும் முறையை அவர் அங்கே வளர்த்துவந்தார். இந்தச் சிகிச்சையில் ஒரு விசேஷம் உண்டு. கால் நன்றாக உள்ள டாக்டரும் இதை உட்கார்ந்துகொண்டுதான் செய்வார். நோயாளியின் கை சிறு மேஜைமீது நீட்டப்பட்டிருக்கும். டாக்டர் அதன் எதிரில் அமர்ந்திருப்பார். இதை மேரி செய்யலாமே என்றார் பிராண்ட்.

செய்தார். சக்கர நாற்காலியில் அறுவை அறைக்குள் வந்து, தொழுநோயாளிகளின் கைகளைச் சீராக்கினார். ஊரும் உறவும் ஒதுக்கிய அந்த நோயாளிகள், தங்களைவிட அதிகம் இழந்த ஒருவர் தங்களுக்கு வைத்தியம் செய்வதைப் பார்த்தனர். மருந்து செய்யாத வேலையை அந்தக் காட்சி செய்ததாகக் கூறுவர்.

இங்கே என் அபிப்பிராயம் ஒன்றைச் சொல்லவேண்டும். தொழுநோயாளியைத் தொடவே டாக்டர்கள் பலர் தயங்கிய காலம் அது. மற்றவர்கள் போட்டியிடாத இடத்தில்தான் மேரிக்குக் கதவு திறந்தது. அவருக்கு அதிர்ஷ்டமும் இருந்தது. குடும்பத்தில் வசதி, கையில் பட்டம், பக்கத்தில் பிராண்ட். அதே வண்டியில் வார்டு ஆயா ஒருவர் இருந்து, அதே காயம் பட்டிருந்தால் என்ன ஆகியிருப்பார்? எனக்கு அச்சமாகத்தான் இருக்கிறது. அன்று அவருக்குத் துணையாக நிற்க ஒரு சட்டமும் இல்லை. அரசாங்க வேலைகளில் 3 சதவீதம் என்று சட்டம் வந்தது 1995-இல். 2016-ஆம் ஆண்டுச் சட்டம் அதை 4 சதவீதமாக்கியது. வேலை செய்யும் இடத்தை ஊனமுற்றவருக்கு ஏற்றபடி மாற்றித் தருவதையும் கடமையாக வைத்தது.

சட்டம் வந்தும் போதவில்லை. சென்ற ஆண்டு இந்நகரில் ஒரு மருத்துவமனைக்கு (பெயர் எதற்கு?) நண்பர் ஒருவருக்குத் துணையாகப் போனேன். ஒரு கால் குன்றியவர். இரத்தப் பரிசோதனைக் கூடத்து வேலைக்கு மனுப் போட்டிருந்தார். நேர்முகம் இரண்டாம் மாடியில். லிப்ட் நோயாளிகளுக்கு மட்டும் என்றார்கள். கைப்பிடியைப் பற்றிக்கொண்டு படியேறினார். உள்ளே, எவ்வளவு நேரம் நிற்க முடியும் என்று கேட்டார்களாம். மைக்ராஸ்கோப்பை யாராவது நின்றுகொண்டு பார்ப்பார்களா? பிராண்ட் மேஜையையும் நாற்காலியையும் பார்த்தார். இவர்கள் காலையே பார்த்தார்கள்.

மேரி அம்மையார் தாம் பெற்ற இடத்தோடு திருப்தியடைந்துவிடவில்லை. ஆஸ்திரேலியாவில் பெர்த் நகருக்குப் போய், பிறர் உதவியின்றித் தம் காரியங்களைத் தாமே கவனித்துக்கொள்ளப் பயிற்சி பெற்றார். பிறகு நியூயார்க். இரண்டாம் உலகப் போரில் காயமுற்ற விமானப் படையினரை மறுபடி வாழ்க்கைக்குத் திருப்பிய டாக்டர் ஹோவர்ட் ரஸ்க் அங்கே நடத்திவந்த நிலையத்தில், மறுவாழ்வு மருத்துவம் கற்றார். அந்தத் துறையே அன்று நம் நாட்டுக்குப் புதிது. திரும்பிவந்து 1963-இல் வேலூரில் அதற்கென ஏற்பட்ட தனிப்பிரிவுக்குத் தலைமை ஏற்றார். 1966-இல் நோயாளிகள் தங்கிப் பயிற்சி பெறும் நிலையமும் திறக்கப்பட்டது. இந்தியாவில் அந்த வகையில் அதுவே முதல். மரமேறி விழுந்தவரும் கிணறு வெட்டும்போது அடிபட்டவரும் வந்துசேரக்கூடிய இடம் அது. வசதியும் பட்டமும் இல்லாதவர்கள். படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, புண் வராமல் உடலைக் காப்பது, கையால் ஒரு தொழில் செய்வது என்று எல்லாவற்றையும் படிப்படியாகக் கற்பிக்கும் மருத்துவம் அது. கற்பித்த துறைக்குத் தலைவரோ நாற்காலியிலேயே வந்தார்.

1972-இல் அரசாங்கம் பத்மஸ்ரீ விருது அளித்தது. 1986-இல் வேலூரிலேயே அம்மையார் காலமானார். டோரதி கிளார்க் வில்சன் என்ற அமெரிக்க எழுத்தாளர் அவரைப் பற்றி எழுதிய 'டேக் மை ஹேண்ட்ஸ்' என்ற புத்தகம் 1963-இலேயே வெளியாகிவிட்டது. விருப்பமுள்ள அன்பர்கள் தேடிப் படிக்கலாம். பின்னால் அவர் வாழ்ந்த 23 ஆண்டுகள் மட்டும் அதில் இராது.