கணிதத்தில் பரிசு வாங்கிய ராமானுஜன், கல்லூரியில் ஃபெயில் ஆனது ஏன்?

இரண்டு எண்கள். முதல் எண்ணின் வர்க்கமூலத்தோடு இரண்டாவது எண்ணைக் கூட்டினால் 7. முதல் எண்ணோடு இரண்டாவதன் வர்க்கமூலத்தைக் கூட்டினால் 11. அந்த எண்கள் என்ன?

கும்பகோணம் டவுன் ஹைஸ்கூலில் மேல்வகுப்பு மாணவர் ஒருவர், சீனிவாச ராமானுஜனைச் சோதிக்கக் கேட்ட கணக்கு இது. வழக்கமான முறையில் போட்டால், நான்காம் படிச் சமன்பாட்டில் போய் மாட்டிக்கொள்வோம். ராமானுஜன் சட்டென்று சொன்ன விடை: 9, 4.

பரணில் ஒளித்த தாள்கள்

1887 டிசம்பர் 22 அன்று ஈரோட்டில் பிறந்தவர் ராமானுஜன். அப்பா கும்பகோணத்தில் ஜவுளிக் கடைக் கணக்கர். வசதி இல்லாத வீடு.

சிறுவயதிலேயே லோனி எழுதிய முக்கோணவியல் புத்தகத்தை முழுசா முடித்துவிட்டார். சைன், காஸ் பற்றித் தானாகவே சில முடிவுகளைக் கண்டுபிடித்தார். ஆனால் ஆய்லர் என்ற மேதை 150 ஆண்டுகளுக்கு முன்பே அவற்றைச் சொல்லிவிட்டார் எனத் தெரிந்ததும், வெட்கப்பட்டு அந்தத் தாள்களைக் கூரையில் ஒளித்துவைத்தாராம்.

திசைமாற்றிய கைடு

1903-ல் அவர் கைக்குக் கிடைத்தது கார் என்பவரின் புத்தகம். இயற்கணிதம், வடிவியல், முக்கோணவியல் என சுமார் 5,000 முடிவுகளின் தொகுப்பு. தேர்வுக்குப் படிப்பவர்களுக்காக ஒரு டியூஷன் ஆசிரியர் தயாரித்த கைடுதான் அது. நிரூபணங்கள் பெரும்பாலும் இருக்காது; குறிப்பு மட்டும் இருக்கும்.

விடுபட்ட படிகளை ராமானுஜன் சிலேட்டில் தானே போட்டுப் பார்த்தார். ஒவ்வொரு கணக்கும் புதுக் கணக்கில் கொண்டுபோய் விட்டது. மற்ற பாடங்களைத் தொடவே நேரமில்லை.

1904-ல் பள்ளியில் கணிதப் பரிசு வாங்கியவர், கும்பகோணம் அரசுக் கல்லூரியில் ஆங்கிலத்தில் தேறாமல் உதவித்தொகையை இழந்தார். மனமுடைந்து வீட்டைவிட்டே போய்விட்டார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வில் தோல்விதான். தேர்வுக்காக எழுதப்பட்ட புத்தகமே அவரைத் தேர்விலிருந்து விலக்கிவிட்டது!

படிகள் எங்கே?

பட்டம் இல்லாததால் நல்ல வேலை கிடைக்கவில்லை. 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் கிளார்க் ஆனார். அடுத்த ஆண்டு, கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்குத் தன் முடிவுகளைக் கடிதத்தில் அனுப்பினார். அதிலும் நிரூபணம் இல்லை. ஆனாலும் ஹார்டி அவற்றின் மதிப்பைப் புரிந்துகொண்டார்.

1914-ல் இங்கிலாந்து பயணம். 1916-ல், ஆராய்ச்சிக்காக கேம்பிரிட்ஜ் பட்டம். 1918-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர். 1920 ஏப்ரல் 26 அன்று, 32 வயதில் மரணம்.

அவர் விட்டுச்சென்ற நோட்டுப் புத்தகங்களும் காரின் கைடு மாதிரியேதான்: விடை இருக்கும், படிகள் இருக்காது. அந்தப் படிகளைத் தேடி நிரப்பிய அமெரிக்கக் கணிதவியலாளர் புரூஸ் பெர்ன்ட், அவற்றை 1985 முதல் 1998 வரை 5 தொகுதிகளாக வெளியிட்டார். கும்பகோணத்துச் சிறுவன் சிலேட்டில் செய்த அதே வேலை!