மொத்தாகுவா ஆற்றங்கரை அரசர்

மாயா நாகரிகம் என்றதும் பிரமிடுகளும் நாள்காட்டியும்தான் நம் நினைவுக்கு வரும். அந்த நகரங்களுக்குச் செல்வம் எப்படி வந்தது? இன்றைய குவாத்தமாலாவில் உள்ள கிரிகுவா நகரை ஆண்ட காக் திலிவ் சான் யோபாத்தின் வாழ்க்கை அதற்கு ஒரு விடை தருகிறது.

அவர் 724ஆம் ஆண்டின் இறுதியில் அரியணை ஏறினார். அப்போது கிரிகுவா ஒரு சிற்றூர். தெற்கே சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில், இன்றைய ஹோண்டுராஸ் நாட்டில், கோப்பான் என்ற பெருநகரம் இருந்தது. அதன் 13ஆவது அரசரின் மேற்பார்வையில்தான் இவர் முடிசூடினார். பெயருக்கு அரசர்; உண்மையில் கோப்பானுக்குக் கட்டுப்பட்ட சிற்றரசர்.

ஆனால், கிரிகுவா அமைந்திருந்த இடம் சாதாரணமானதல்ல. மாயா மக்கள் மிக உயர்வாக மதித்த பச்சை நிற ஜேட் கல் மொத்தாகுவா ஆற்றுப் பள்ளத்தாக்கில்தான் கிடைத்தது. மலைப்பகுதியின் எரிமலைக் கண்ணாடி கரீபியக் கடலை நோக்கிச் சென்றதும் இந்த வழியாகத்தான். ஜேட் அரச குடும்பத்தாரின் அணிகலனானது. எரிமலைக் கண்ணாடியோ குடியானவர் வீட்டிலும் கத்தியாகப் பயன்பட்டது. ஏனெனில் அவர்களிடம் இரும்பு இல்லை. சுமை இழுக்க மாடோ குதிரையோ இல்லாததால், சரக்குகள் மனித முதுகிலும் படகிலும் சென்றன. ஆகவே, ஆற்று வழியைக் கையில் வைத்திருந்தவருக்கே ஆதாயம்.

அந்த ஆதாயம் யாருக்கு? 738ஆம் ஆண்டில் காக் திலிவ் இதற்குப் பதில் தந்தார். தமக்கு முடிசூட்டிய பேரரசரையே சிறைப்பிடித்து, தலையை வெட்டினார். வணிக வழியின் மீதான உரிமையே இந்த மோதலுக்கு முக்கியக் காரணம் என ஆய்வாளர்கள் கருதுகின்றனர். கோப்பானை அவர் கைப்பற்றவில்லை. ஆயினும் அங்குப் பல ஆண்டுகள் புதிய நினைவுத்தூண்கள் எழவில்லை.

கிரிகுவாவோ வேகமாக வளர்ந்தது. பெரிய சதுக்கம் உருவானது; மணற்பாறையில் செதுக்கிய தூண்கள் வரிசையாக எழுந்தன. 771ஆம் ஆண்டில் அவர் நிறுவிய தூணின் மொத்த உயரம் சுமார் 10.6 மீட்டர். மாயா உலகில் எழுந்த தூண்களில் இதுவே மிகப் பெரியது. சுமார் 60 ஆண்டுகள் ஆண்ட அவர், 785ஆம் ஆண்டில் மறைந்தார். அடுத்த சில பத்தாண்டுகளில் கிரிகுவாவின் கல்வெட்டுகளும் நின்றுபோயின.

1981ஆம் ஆண்டில் யுனெஸ்கோ கிரிகுவாவை உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்த்தது. அந்தத் தூண்களில் அரசரின் உருவமும் வெற்றியும் இருக்கின்றன. ஆற்றில் படகு செலுத்தியவர்களுக்கும் கல் சுமந்தவர்களுக்கும் அங்கே இடமில்லை. அவர்களைப் பற்றி அறிய, பழைய வீடுகளின் மண்ணில் கிடக்கும் சிறு கண்ணாடிக் கத்திகளைத்தான் தேட வேண்டும். ஒரு நகரத்தின் செல்வத்தைக் கணக்கிடும்போது நாம் இரண்டையும் பார்க்க வேண்டும், அல்லவா?