விதை தேடிப் போன வாவிலோவ்

மலருக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கையை எழுதித் தரச் சொல்லிச் சங்கத்தில் கேட்டார்கள். நம் கல்லூரியில் இயந்திரவியல் படித்துவிட்டு, குளிர்பதனக் கிடங்குகள் போட்டுப் பிழைப்பவன் நான். விதைக் கிடங்கு வேலை ஒன்றுக்காகப் புத்தகங்களைப் புரட்டியபோதுதான் இவர் கண்ணில் பட்டார். முப்பது வயசு தாண்டும் வரை இவரைத் தெரியாமல் இருந்தேனே என்று கொஞ்சம் வெட்கமாகக்கூடப் போய்விட்டது.

நிகோலாய் வாவிலோவ் 1887-ல் மாஸ்கோவில் பிறந்தவர். அப்பா துணி வியாபாரி. தம்பி செர்கேய் இயற்பியலுக்குப் போய்ப் பெயர் வாங்கினார். செரன்கோவ் கதிர்வீச்சு படித்த நண்பர்களுக்கு அவரை ஞாபகம் இருக்கலாம். அண்ணன் போனது வேளாண்மைக்கு.

1913-ல் இங்கிலாந்து சென்று பேட்சன், பிஃபென் ஆகியோரிடம் கற்றார். கோதுமையில் துரு நோயைத் தாங்கும் குணம், மெண்டல் விதிப்படி தாயிடமிருந்து பிள்ளைக்கு வருகிறது என்று 1905-லேயே காட்டியவர் பிஃபென். வாவிலோவுக்கு அதுதான் பொறி தட்டிய இடம். வயல் வயலாக மருந்து தெளிப்பதைவிட, நோயே அண்டாத ரகத்தை உண்டாக்கிவிட்டால் விவசாயிக்குச் செலவில்லையே!

பயிர்களின் நோய் எதிர்ப்பு பற்றி 1919-ல் ஒரு நூல் எழுதினார். அதில் உள்ள ஒரு விஷயம் என்னை ரொம்பக் கவர்ந்தது. ஒரு நோய்ப் பூசணம் ஒன்றிரண்டு பயிரை மட்டும் தாக்கும் வகை என்றால், அதைத் தாங்கும் ரகம் எங்காவது கிடைக்க வாய்ப்பு அதிகம். கண்டதையெல்லாம் தின்னும் பூசணம் என்றால் கிடைப்பது கஷ்டம். எங்கே தேடுவது வீண், எங்கே பலன் என்பதை முன்கூட்டியே சொல்லும் கணக்கு இது. எங்களைப் போன்ற இன்ஜினியர்களுக்கு உடனே பிடித்துவிடும்.

சரி, எங்கே போய்த் தேடுவது? பயிரும் அதன் நோயும் ஆயிரக்கணக்கான வருஷங்களாகச் சேர்ந்து வாழ்ந்த மண்ணில்தான். காட்டு மரத்துக்கும் இதே கதைதான். அமெரிக்கக் காடுகளின் செஸ்ட்நட் மரங்களில் 1904-ல் ஒரு பட்டை நோய் தென்பட்டது. சில பத்தாண்டுகளில் கோடிக்கணக்கான மரங்கள் பட்டுப்போயின. அந்தப் பூசணம் ஆசியாவிலிருந்து வந்தது. அங்கே அதோடு பழகிய சீனச் செஸ்ட்நட் அதைத் தாங்கி நிற்கிறது. நெல்லிலும் பாருங்கள். புகையான் பூச்சி பரப்பும் வைரஸ் ஒன்று 1970-களில் ஆசிய வயல்களில் பயிரைப் புல்லாகக் குட்டையாக்கியது. பிலிப்பைன்ஸ் ஆராய்ச்சி நிலையத்தில் 6,000-க்கும் மேற்பட்ட ரகங்களைச் சோதித்தும், எதிர்ப்பு கிடைத்தது உத்தரப் பிரதேசத்துக் காட்டு நெல் ஒன்றில்தான். 1976-ல் வந்த ஐ.ஆர். 36-க்குள் இருப்பது அந்தக் காட்டு நெல்லின் குணம்.

நோயும் சும்மா இருக்காது. புதுப்புது இனமாகக் கிளம்பும். ஒரு ரகம் போதாது, நிறைய ரகங்கள் கைவசம் வேண்டும். அதற்காகவே மனுஷன் ஊர் சுற்றினார். 1916-ல் ஈரானும் பாமீரும், 1924-ல் ஆப்கானிஸ்தான், 1926-27-ல் மத்தியதரைக் கடல் நாடுகளும் எத்தியோப்பியாவும், பிறகு சீனா, ஜப்பான், அமெரிக்கக் கண்டங்கள். 1940 வாக்கில் லெனின்கிராடு நிறுவனத்தில் சுமார் 2½ லட்சம் விதை மாதிரிகள் சேர்ந்திருந்தன.

இந்த வேலைக்குப் பொறுமை வேண்டும். ஒட்டுச் சேர்த்து ஒரு ரகம் எடுக்க ஏழெட்டு, பத்து வருஷம் ஆகும். அதற்குள் லைசென்கோ என்பவர் வந்தார். மரபணுவே பொய் என்றார், சீக்கிரம் விளைச்சலைக் கூட்டுகிறேன் என்றார். ஸ்டாலினுக்கு அந்தப் பேச்சு பிடித்துப்போனது. மேலிடத்துக்கு இனிக்கும் தேதியைச் சொல்கிறவனுக்கே பிராஜெக்ட் போவதை நாமும் ஆபீஸில் பார்த்திருக்கிறோம். நமக்கு இன்கிரிமென்ட் போகும். வாவிலோவ் விட்டுக்கொடுக்காமல் வாதாடினார், அங்கே போனது உயிர்.

1940 ஆகஸ்ட் 6. உக்ரைனில் விதை சேகரிக்கப் போன இடத்தில் கைது செய்தார்கள். 1941 ஜூலையில் மரண தண்டனை, பிறகு அது 20 வருஷச் சிறையாக மாறியது. 1942-ல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை அயல்நாட்டு உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தபோது அவர் இருந்தது சராதவ் சிறையில். 1917-ல் பேராசிரியராகப் போய்ப் பாடம் நடத்திய அதே சராதவ். 1943 ஜனவரி 26 அன்று அங்கேயே பட்டினியில் இறந்தார். அவர் குற்றமற்றவர் என்று 1955-ல்தான் அறிவித்தார்கள்.

அவர் சிறையில் கிடந்த நாளில் லெனின்கிராடை ஜெர்மன் படை சுற்றி வளைத்திருந்தது. 1941 செப்டம்பரில் தொடங்கிய முற்றுகை 1944 ஜனவரி வரை நீடித்தது. ஊரே பசியில் செத்துக்கொண்டிருந்தது. நிறுவனத்தில் இருந்தவர்களைச் சுற்றி டன் கணக்கில் கோதுமை, சோளம், பயறு. யாரும் கைவைக்கவில்லை. எலிகளிடமிருந்தும் உறைபனியிலிருந்தும் விதைகளை முறைபோட்டுக் காவல் காத்தார்கள். அவர்களில் பலர் பசியால் மாண்டார்கள். நெல் பிரிவைப் பார்த்துவந்த திமித்ரி இவனோவ் இறந்தபோது, அவர் பாதுகாத்த நெல் பொட்டலங்கள் ஆயிரக்கணக்கில் அப்படியே இருந்தன.