புற்றுக்குள் வாழும் விருந்தினர்

கறையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகும் என்பது நம்மவர் வழக்கு. பாம்பு வருமுன்னரே அங்கே வேறு சிறு குடிகள் அமர்ந்துவிடுகின்றன. சிறுபிராயத்தில் எங்கள் வளவுப் புற்றொன்றை மண்வெட்டியாற் பெயர்த்தபோது, கறையான்களின் நடுவே கறையானல்லாத ஏதோவொன்று ஓடக் கண்டேன். அந்த வியப்பே பின்னாளில் எரிக் வாஸ்மன் என்னும் துறவியாரின் வரலாற்றை நாடச் செய்தது.

1859இல் தென் திரோலிலுள்ள மெரானில், ஓவியர் ஒருவரின் மகனாய் அவர் பிறந்தார். 1875இல் யேசு சபை புகுந்தார். அக்காலத்தில் அச்சபையார் யேர்மனியினின்றும் விலக்கப்பட்டிருந்தமையால், ஒல்லாந்தே அவருக்குப் புகலிடமாயிற்று. மார்புநோயால் நலிந்த அவருக்கு வெப்ப நாடுகளில் அலையும் வலு இல்லை. ஆகவே புற்றுக்கள் அவரைத் தேடி வந்தன! இந்தியாவினின்றும் ஆபிரிக்காவினின்றும் குருமாரும் ஆய்வாளரும் பூச்சிகளைச் சேகரித்து அனுப்பினர். எறும்போடும் கறையானோடும் வாழும் உயிர்கள் ஆயிரத்துக்கு மேற்பட்டவற்றை 1894இல் அவர் பட்டியலாக்கினார். 1911இல் எஷெரிக் வெளியிட்ட இலங்கைக் கறையான் நூலிலும் அன்னாரின் பங்கு உண்டு.

இவ்விருந்தினருட் சில வண்டுகளுக்கு வயிறு ஊதிப் பருத்திருக்கும். அவற்றின் உடலிற் கசியும் சுரப்பைக் கறையான்கள் விரும்பி நக்குகின்றன. கைம்மாறாக ஊட்டி வளர்க்கின்றன. இத்தகைய உறவை வாஸ்மன் தனியே வகுத்துக் காட்டினார். விருந்தினப் பூச்சிகள் தம் இனத்தாரினின்றும் படிப்படியாக மாறி வந்தவை என்பதை அவர் ஒப்பினார். மனிதனின் ஆன்மாவுக்கு அக்கொள்கை பொருந்தாதென மறுத்தார். 1907இல் பேர்ளினில் இதன்பொருட்டு எதிரிகள் பலரோடு வாதிட நேர்ந்தது. இரு திறத்தாரும் அவரை முழுமையாய் ஏற்றிலர் என்றே எனக்குத் தோன்றுகின்றது.

அவர் பெரிதும் போற்றிய கண்டுபிடிப்பு 1900இல் விவரித்த தெர்மிற்றொக்சீனியா என்னும் சின்னஞ்சிறு ஈ. பறக்கும் சிறகில்லை, அதன் இடத்திலே குறுகிய தண்டுகள் மட்டும். மெல்லிய சீவல்களாக்கி உருப்பெருக்கியில் ஆராய்ந்தவர், ஒவ்வோர் ஈயும் ஆணும் பெண்ணுமாய் இருப்பதென்று முடிவு செய்தார். பலர் ஐயுற்றனர், அவரோ அசைந்திலர். 1931இல் வல்கன்பேர்க்கில் அன்னார் மறைந்தார்.

உண்மையில் புற்றினுட் கிடைத்தவை யாவும் பெண்களே. சிறகுள்ள ஆண்களை அறிஞர் வேறொரு பிரிவில் வைத்திருந்தனர். இரண்டும் ஓரினமே என்பது 1992இல்தான் தெளிவாயிற்று. வாஸ்மன் நேரில் வந்து எங்கள் வளவுப் புற்றை வெட்டிப் பார்த்திருந்தாலும் அந்த ஆண் ஈயைக் கண்டிருப்பாரோ என்னவோ!